நாலு மில்லிமீட்டர் பள்ளம்

என் செல்ல அக்கா வாசுகிக்கு,

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். கன்னியம்மாவின் காலில் புண் ஆறிவிட்டது. போன செவ்வாய்க்கிழமை டாக்டரம்மா கட்டைப் பிரித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இனிமே கட்டு வேணாம், போலாம்" என்றார். அதைக் கேட்டதும் வெளியே வந்தேன். வராந்தாவில் நோயாளிகள் உட்காரும் பெஞ்சிலேயே உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த ஓர் அம்மா, "இன்னாப்பா, உனக்கும் சர்க்கரையா?" என்று கேட்டாங்க. இல்லை என்று தலையாட்டினேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பயம்.

உனக்கு இதெல்லாம் தெரிந்திருக்குமா? தெரியாது என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இதை மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சில இடத்தில் திரும்பச் சொல்லவேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்.

ஆம்பூரில் ஷூ கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் பதினெட்டு வருஷம் நீ படம் போட்டாய். வெளிநாட்டுக் கடைகளுக்குப் போகிற ஷூவின் ஒவ்வொரு துண்டும் முதலில் உன் திரையில்தான் உருவாகும். அது பிழைப்புக்கு. ஆனால் சனிக்கிழமைகளில் பஸ் ஏறி வேலூர் பக்கத்து ஆஸ்பத்திரியின் செருப்புப் பட்டறைக்குப் போவாயே, அதுதான் உனக்குப் பிடித்த வேலை. சர்க்கரை நோயில் மரத்துப்போன பாதங்களுக்கு அங்கே செருப்பு செய்வார்கள். அந்தக் கால்களுக்குக் கல் குத்தினாலும் தெரியாது, வார் அறுத்தாலும் தெரியாது. வலி வந்து எச்சரிக்காது. அதனால் செருப்பு ஒவ்வொருவர் பாதத்துக்கும் தனித்தனியாக, அச்சாகப் பொருந்த வேண்டும். நாற்பத்தோரு பேருக்கு நீ படம் போட்டு வைத்திருந்தாய். செருப்பு தேய்ந்தால் அதே படத்தை அச்செடுத்து, ரப்பரில் வைத்து வெட்டினால் புதுசு தயார்.

நானோ ராணிப்பேட்டையில் பாய்லர் பாகங்களுக்குப் படம் போடுகிறவன். உன் மென்பொருள் வேறு, என்னுடையது வேறு. "டேய், நீ போடற இரும்புக்கு வேர்க்குமா, வீங்குமா?" என்று கிண்டல் செய்வாய். போன தீபாவளிக்கு நான் உன் வீட்டுக்கு வந்தபோது கிண்டலை விட்டுவிட்டு ஒரு வேலை கேட்டாய்.

"முரளி, என் மென்பொருள் ரொம்பப் பழசுடா. அத செஞ்ச கம்பெனியே இப்ப இல்ல. இந்தக் குட்டிச் சாவிய கம்ப்யூட்டர்ல செருகினாத்தான் திறக்குது. இது செத்துப்போச்சுன்னா நாப்பத்தோரு பேர் காலும் உள்ளயே மாட்டிக்கும். எல்லாத்தையும் வேற மென்பொருள்ல திறக்கற மாதிரி மாத்திக் குடுடா."

"பொங்கலுக்கு வர்றேன்க்கா" என்றேன். பொங்கலுக்கு வந்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன், போய்விட்டேன். அப்புறம் ரெண்டு தடவை போனில் கேட்டாய். ரெண்டு தடவையும் கம்பெனியில் வேலை ஜாஸ்தி என்று சொன்னேன். பொய்யில்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்க முடியாத அளவுக்கு வேலை யாருக்குத்தான் இருக்கிறது?

ஏப்ரலில், கம்பெனி பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது உன் நெஞ்சு நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் நீ தூங்குகிறாய் என்று நினைத்தார்களாம்.

நீ போன ஆறாவது வாரம் பட்டறைப் பொறுப்பாளர் பர்வீன் மேடம் போன் செய்தார்கள். இடி மழையில் மின்சாரம் ஏறி இறங்கிப் பட்டறைக் கம்ப்யூட்டர் கருகிவிட்டது. படங்கள் எல்லாம் போய்விட்டன. "வாசுகி வீட்ல ஒரு காப்பி வெச்சிருக்கேன்னு சொல்வா, தம்பி. செருப்பு தேஞ்சி போய் நாலு பேர் வந்து நிக்கிறாங்க. வெறுங்கால்ல நடந்தா பேஜாராயிடும். கொஞ்சம் பாருங்களேன்."

அந்தக் காப்பி உன் லேப்டாப்பில் இருந்தது. லேப்டாப்பை மாமா பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார்.

மாமாவைப் பற்றி உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. படிப்பவர்களுக்குச் சொல்கிறேன். என் அக்காவின் கணவர் சேகர் மாமா ஆம்பூர் பஜாரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம் வைத்திருக்கிறார். வாய் ஓயாமல் பேசுகிறவர். அக்கா போன பிறகு கடைக்குப் போவார், வருவார், அவ்வளவுதான். யாரிடமும் நாலு வார்த்தைக்கு மேல் கிடையாது. நான் போய் லேப்டாப்பைக் கேட்டபோது, கதவருகில் நின்றபடியே சொன்னார்.

"வேணாம் மச்சான். அவ மூடி வெச்ச மாதிரியே இருக்கட்டும்."

பர்வீன் மேடம் சொன்னதைச் சொன்னேன். அசையவில்லை. கடைசியில் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"மாமா, அக்கா என்கிட்ட மூணு தடவ கேட்டுச்சு. நான்தான் செய்யல. இப்பவும் செய்யலன்னா என்னால வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்ட முடியாது."

மாமா கதவைவிட்டு உள்ளே வந்தார். "எங்கிட்டயும் சொன்னா" என்றார். "முரளி வருவான் வருவான்னு சொல்லினே இருந்தா." பிறகு பீரோவைத் திறந்தார். லேப்டாப்பின் மேல் உன் கைக்குட்டை மடித்து வைத்திருந்தது. அதை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, லேப்டாப்பை மட்டும் நீட்டினார்.

குட்டிச் சாவி உயிரோடுதான் இருந்தது, அக்கா. மென்பொருள் திறந்தது. உன் படங்களை எல்லா வரைபட மென்பொருளும் படிக்கிற பொதுவான கோப்பாக மாற்ற அதிலேயே ஒரு வழி இருந்தது. அங்கேதான் நான் அவசரப்பட்டேன். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்திருக்க வேண்டும். மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து ஒரே கட்டளையில் மாற்றிவிட்டேன். ஒரு மணி நேரத்தில் முடிந்தது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை நாள் தள்ளிப்போட்டேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

மறுநாள் ராணிப்பேட்டையில் என் மென்பொருளில் முதல் படத்தைத் திறந்தேன். பாதத்தின் நீளம் ஆறரை மீட்டர் என்று காட்டியது! நீ மில்லிமீட்டரில் போட்டதை இது அங்குலம் என்று நினைத்துவிட்டது. ஏலகிரி மலைக்குக் கால் முளைத்தால் போட்டுக்கொள்ளலாம். நீ போன பிறகு அன்றுதான் முதல்முறையாகச் சத்தம் போட்டுச் சிரித்தேன்.

அளவைச் சரிசெய்தேன். அடுத்தது வளைவு. குதிகாலைச் சுற்றி நீ ஒரே இழுப்பில் போட்ட கோடு, இங்கே நூற்றுக்கணக்கான குட்டிக் குட்டி நேர்க்கோடுகளாக உடைந்து வந்திருந்தது. அதை ஒவ்வொன்றாக மறுபடி வளைவாக்கினேன். மூன்றாவதாக, ஒவ்வொரு படத்தின் மேலும் ஓர் அடுக்கு முழுக்கக் குப்பையாக வந்திருந்தது. வரைபடம் என்பது கண்ணாடித் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த மாதிரி. ஒரு தாளில் வெட்டும் கோடு, இன்னொன்றில் தையல் கோடு. இந்தத் தாளில் மட்டும் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள், அரைப்புள்ளிகள், நடுவில் இங்கொரு வட்டம் அங்கொரு வட்டம். மாற்றும்போது ஏதோ சிதைந்துவிட்டது என்று நினைத்து, அந்த அடுக்கை மொத்தமாக அணைத்துவிட்டேன். படம் சுத்தமாக இருந்தது. பார்க்கவே அழகாக இருந்தது. பட்டறைக்கு இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டுக் கொடுத்து, நாற்பத்தோரு பேர் படங்களையும் அதில் ஏற்றிவிட்டு வந்தேன்.

முதல் செருப்பு கன்னியம்மாவுக்கு.

அணைக்கட்டு என்கிற ஊர்ப் பக்கம் வேர்க்கடலைக் காட்டில் களையெடுக்கிற அம்மா. வலது காலில் ஏற்கெனவே ஒரு விரலை எடுத்தாகிவிட்டது. செருப்பு கொடுத்த அன்று நானும் இருந்தேன். போட்டு நாலு நடை நடந்து பார்த்தாங்க.

"எப்டிம்மா இருக்கு?"

"சோக்கா இருக்குது தம்பி. வாசுகி பொண்ணு குடுக்கற மாதிரியே இருக்குது."

அந்த வார்த்தை எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே வந்தேன்.

புதுச் செருப்பை முதல் நாள் அரை மணி நேரம்தான் போட வேண்டும், கழற்றிப் பாதத்தில் சிவப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதை அவங்களிடம் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் களை வேலைக்கு ஆள் கம்மி. அடுத்த நாள் விடிந்ததும் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போய், பொழுது சாயும் வரை நின்றிருக்காங்க. வலிக்கவில்லையே, எப்படித் தெரியும்? பத்து நாள் கழித்துப் பட்டறைக்கு வந்தபோது, பெருவிரலுக்குக் கீழே கொப்புளம் உடைந்து, ரூபாய் நாணயம் அளவுக்குப் புண்.

பர்வீன் மேடம் மகள் கல்யாணத்துக்கு அப்போது லீவில் இருந்தார்கள். வெட்டுகிறவர்கள் தாளில் இருந்தபடி வெட்டிவிட்டார்கள். மேடம் திரும்பி வந்து, கன்னியம்மாவின் பழைய செருப்பைத் தேடியெடுத்து, மேல்தோலை உரித்துப் பார்த்துவிட்டு எனக்குப் போன் போட்டார்கள்.

"தம்பி, பழைய செருப்புல அந்த எடத்துல பள்ளம் எடுத்திருக்கு. பழைய புண்ணு தரையில அழுந்தக் கூடாதுன்னு வாசுகி எடுத்தது. உங்க படத்துல பள்ளம் எங்க?"

"தெரியல மேடம்" என்றேன்.

"புண்ணு ஆழமாப் போச்சுன்னா கால எடுக்கணும்னு டாக்டரம்மா சொல்றாங்க" என்றார்கள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

கைபேசியை வைத்துவிட்டு, கன்னியம்மாவின் படத்தைத் திறந்து, நான் அணைத்து வைத்த அடுக்கைப் போட்டேன். பெருவிரலுக்குக் கீழே ஒரு வட்டம். அதன் பக்கத்தில் அந்தக் குப்பை எழுத்து. நான் தூக்கிப் போட்டது உன் பள்ளத்தை, அக்கா. இயந்திரம் ஒழுங்காகத்தான் கொண்டுவந்து கொடுத்திருந்தது. மூடியவன் நான்.

வட்டம் இருக்கிறது, சரி. எவ்வளவு ஆழம்? எல்லாப் படத்திலும் இப்படி வட்டங்கள் இருக்கின்றனவே, எல்லாமே பள்ளமா? எழுத்தில் என்னதான் இருக்கிறது? கன்னியம்மாவின் படத்தை அந்த அடுக்கோடு அச்செடுத்துக்கொண்டு, அன்றைக்கே லீவு சொல்லிவிட்டு ஆம்பூருக்கு ஓடினேன். உன் லேப்டாப்பில் மூலத்தைத் திறந்து பார்க்கலாம் என்று. வீடு பூட்டியிருந்தது. நேராக மாமாவின் அச்சகத்துக்குப் போனேன். நடந்ததைச் சொல்லி, தாளைக் காட்டினேன்.

"இந்தக் குப்பதான் மாமா. இதுல இன்னா இருந்துச்சுன்னு தெரியணும். வீட்டுக்கு வாங்க, லேப்டாப்ப தொறக்கணும்."

மாமா தாளை வாங்கினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். gs;sk; என்று ஓரிடத்தில் இருந்தது. அதன்மேல் விரலை வைத்தார்.

"குப்பையா? மச்சான், இது தமிழு."

எனக்குப் புரியவில்லை.

"பழைய எழுத்துருடா. நம்ம அச்சகத்துல இருபது வருஷமா இதுலதான் அடிக்கிறோம். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டர்ல தொறந்தா இப்டித்தான் இங்கிலீஷா தெரியும். நான்தான் அவ லேப்டாப்புல போட்டுக் குடுத்தேன். இது 'பள்ளம்'." விரலை நகர்த்தினார். ஆயிரம் பத்திரிகை அச்சுக் கோத்த கண் அல்லவா, லேப்டாப்பே வேண்டியிருக்கவில்லை. அந்த இடத்திலேயே, வாடிக்கையாளர் இருவர் நிற்க, சத்தமாக வாசித்தார்.

"கன்னியம்மா, வலது. இங்க பள்ளம் நாலு மில்லிமீட்டர். பழைய புண். வலிக்கலன்னு சொல்வாங்க, நம்பாத."

வாசித்து முடித்துவிட்டுத் தாளை மடித்தார். "அவ பேசற மாதிரியே இருக்குதுடா" என்றார். பிறகு கையிலிருந்த வேலையை அப்படியே விட்டு, ஷட்டரை இறக்கிப் பூட்டினார். வாடிக்கையாளர்களிடம், "நாளைக்கு வாங்க, முக்கியமான வேல" என்றார். நாலு வார்த்தைதான். ஆனால் அது வேறு நாலு வார்த்தை.

அன்று சாயங்காலமே நாலு மில்லிமீட்டர் பள்ளத்தோடு படத்தைச் சரிசெய்து பர்வீன் மேடத்துக்கு அனுப்பினேன். மற்ற எல்லாப் படங்களையும் நிறுத்தச் சொன்னேன். நல்லவேளை, மேடம் லீவில் இருந்ததால் புது ரப்பர் வாங்கவில்லை, கன்னியம்மாவுக்குப் பிறகு ஒருவருக்குக்கூட வெட்டியிருக்கவில்லை. அந்த ஒரு சேதியைக் கேட்டபோது பாதி உயிர் வந்தது.

அதற்குப் பிறகு நாலு ஞாயிற்றுக்கிழமை நானும் மாமாவும் உன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தோம். உன் லேப்டாப் ஒரு பக்கம், என்னுடையது ஒரு பக்கம். இந்தத் தடவை ஒவ்வொன்றாகத் திறந்தோம். அவர் வாசிக்க, எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் தமிழாகவே தெரிகிற எழுத்தில் நான் அடித்தேன். ஒவ்வொரு கோட்டையும் ரெண்டு திரையிலும் அளந்து பார்த்தோம். மூன்று படத்தில் இடது வலதாக மாறியிருந்தது. ஒன்றில் தையலுக்கு விட்ட இடம் காணாமல் போயிருந்தது. எல்லாம் பிடித்தோம்.

நீ என்னென்னவெல்லாம் எழுதி வைத்திருக்கிறாய்! "சுந்தரம் வாத்தியார். கறுப்பு வார் வேணாமாம், பேரன் கல்யாணம் வருது, பிரவுன் குடு." "ஜபீன். மருதாணி வெச்சா வெளிய தெரியணுமாம். முன்வாரு மெலிசு, ஆனா ரெண்டு." "தேவராஜ். கோவக்காரரு. அளவெடுக்கறப்ப அவர் மாட்டப் பத்திக் கேளு, கால நீட்டுவாரு." இதைப் படித்தபோது மாமா மேஜையில் தட்டித் தட்டிச் சிரித்தார். பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாங்க. அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை நாள் ஆகியிருந்தது.

"'கேளு', 'நம்பாத'ன்னு எழுதியிருக்காளே, யாருக்கு எழுதனா?" என்று ஒருநாள் மாமா கேட்டார். வெட்டுகிறவர்களுக்கா, பர்வீன் மேடத்துக்கா, உனக்கே நீ எழுதிக்கொண்டதா? எனக்குத் தெரியவில்லை. நீ இல்லாத நாளில் யாராவது ஒருவர் இதைத் திறப்பார் என்று நினைத்திருந்தாயா? அந்த ஒருவர் நான்தான் என்று?

கன்னியம்மா விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. ஏழு வாரம். ஒவ்வொரு செவ்வாயும் கட்டு மாற்ற வரும்போது நானும் கம்பெனியில் பர்மிஷன் போட்டுவிட்டுப் போய் நின்றேன். மூன்றாவது வாரம் சீழ் வைத்தது. அன்றைக்கு அவங்க முகத்தைப் பார்க்க முடியாமல், "என் தப்புதாம்மா, நான்தான் அந்தப் பள்ளத்த விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

கன்னியம்மா தன் காலைக் குனிந்து பார்த்தாங்க. பிறகு, "அர மணிதான் போடணும்னு சொன்னாங்க, நான் நாளெல்லாம் போட்டேன். அது யார் தப்பு?" என்றாங்க. "ரெண்டு பேரும் சேந்து பண்ணது. நீ வாரா வாரம் வர்ற, நானும் வர்றேன். பாக்கலாம் தம்பி."

ஐந்தாவது வாரம் புண்ணின் ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் தெரிந்தது. ஏழாவது வாரம், முன்னமே சொன்னேனே, கட்டு வேண்டாம் என்றார்கள். பள்ளம் எடுத்த செருப்பைப் போட்டு, அரை மணி நடக்க வைத்து, கழற்றிப் பார்த்தோம். சிவப்பு இல்லை. பர்வீன் மேடம் குனிந்து பார்த்தார்கள், நான் பார்த்தேன், டாக்டரம்மா பார்த்தார்கள். எங்கேயும் சிவப்பு இல்லை. "இன்னா அல்லாரும் என் கால அப்டிப் பாக்கறீங்க, சினிமாவா காட்றேன்?" என்று கன்னியம்மா கேட்டதும்தான் நிமிர்ந்தோம்.

மாமா இப்போது பேசுகிறார். ஜாஸ்தியாகவே பேசுகிறார், சந்தோஷப்படு. பட்டறையில் யாருக்கு எந்த நாளில் என்ன கொடுத்தது என்று தமிழில் அட்டை அச்சடித்துத் தருகிறார். ஒவ்வொரு படத்தின் அச்சையும் உறையில் போட்டு, மின்சாரமே இல்லாவிட்டாலும் எடுக்கிற மாதிரி அலமாரியில் வைத்தாகிவிட்டது. கோப்புகள் மூன்று இடத்தில் இருக்கின்றன. மென்பொருள்கள் வரும், போகும். இது எதுவும் இனி ஒன்றை மட்டும் நம்பி இல்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். எழுதி முடிக்கும்போது கேட்கத் தோன்றவில்லை. நீ எப்படியும் "போடா" என்றுதான் சொல்லியிருப்பாய்.

மாதத்தின் முதல் சனியும் மூன்றாம் சனியும் இனி நான் பட்டறைக்குப் போகிறேன். குடியாத்தம் பக்கம் ஒரு தறிக்காரர் இருக்கிறாராம், பஸ் ஏற முடியாதவர். நாற்பத்திரண்டாவது ஆள். அவருக்கு உன் படம் எதுவும் கிடையாது, நான்தான் புதிதாகப் போட வேண்டும். நாளைக் காலை பர்வீன் மேடத்தோடு அவர் வீட்டுக்குப் போகிறேன். தரையில் உட்கார்ந்து, அவர் பாதத்தை என் மடியில் வைத்து, ஒவ்வொரு மேட்டையும் விரலால் தடவிப் பார்த்துத்தான் பென்சிலை எடுப்பேன். எத்தனை நேரம் ஆனாலும் எழுந்திருக்க மாட்டேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உன் கூடப்பிறந்த தம்பி,
முரளி